காலனி என்னும் ஒரு சொல்

2025ஆம் ஆண்டு ஏப்ரல் 29ஆம் நாள் மாலை. அலுவலகம் விட்டு வந்து, முகம் கழுவி, காப்பிக்காகக் காத்திருந்தோம். அம்மாதந்தான் பதினோராம் வகுப்பில் அடியெடுத்து வைத்திருந்த நம் மகள், அரசியல் பாடநூலைக் கையில் ஏந்தி எதிரே வந்து அமர்ந்தாள்.

"அப்பா, ஒரு நாடு இன்னொரு நாட்டைப் பிடித்துக்கொண்டு ஆண்டால், ஆளப்படும் நாட்டுக்குக் காலனி என்று பெயராம். நாம் குடியிருக்கிற இடத்துக்கும் காலனி என்றுதானே பெயர்? அப்படியென்றால் நம்மை ஆள்கிறவர் யார்?"

சமையலறையிலிருந்து துணைவியாரின் சிரிப்பொலி கேட்டது. "நம்மை ஆள்கிறவர் காப்பி கலந்துகொண்டிருக்கிறார்" என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளப் பார்த்தோம். மகள் விடவில்லை.

"ஊரிலும் ஒரு காலனி இருக்கிறதே! வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். அங்கே விளையாடப் போகக் கூடாது என்று பாட்டி சொன்னாரே. அது யாருடைய காலனி?"

இம்முறை எவரும் சிரிக்கவில்லை. "பிறகு சொல்கிறோம்" என்று எழுந்துவிட்டோம். கேள்விக்கு விடை தெரியாதபோது கோப்பினை 'நிலுவை'யில் வைப்பது எழுத்தர் இனத்தின் பழைய வழக்கம்.

அன்றிரவே தொலைக்காட்சியில் ஒரு செய்தி வந்தது. 'காலனி' என்னும் சொல் ஒடுக்குமுறைக்கும் தீண்டாமைக்கும் அடையாளமாகிவிட்டதால், அதனை அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்குவதென்று தமிழ்நாட்டு முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அன்று சட்டமன்றத்தில் அறிவித்திருந்தார். மகள் நம் முகத்தைப் பார்த்தாள். நிலுவையில் வைத்த கோப்பு அன்றே மேசைக்குத் திரும்பி வந்துவிட்டது.

பட்ட வகுப்பில் நாம் பயின்றது வரலாறு. தேர்வுகளுக்காக மனனம் செய்த ஆண்டுகள் தவிர மற்றவை பெரும்பாலும் மறந்துபோயின. ஆயினும் மகளுக்காக அன்றிரவு நினைவைத் துழாவினோம். பழைய நூல்களைத் தூசு தட்டினோம்.

உரோமர்கள், தாம் வென்ற நாடுகளில் தம் படைவீரர்க்கு நிலம் கொடுத்துக் குடியமர்த்தினர். அக்குடியிருப்புக்குக் 'கொலோனியா' என்று பெயர். உழவனைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது அது. ஜெர்மனியில் கொலோன் என வழங்கும் பெருநகரம் இன்றும் அப்பெயரையே சுமந்து நிற்கிறது. உழுது பிழைக்கும் இடம் என்னும் எளிய பொருளோடு பிறந்த அச்சொல், ஏற்கனவே உழுதுகொண்டிருந்தவனை விலக்கிவிட்டு வேறொருவன் வந்தமரும் இடம் என்றாயிற்று. பிற்காலத்தில், வந்தமராமலே தொலைவிலிருந்து ஆளப்படும் நாடும் அப்பெயரைப் பெற்றது. அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் ஐரோப்பியர் குடியேறினர். இந்தியாவில் அவர்கள் பெருந்தொகையாகக் குடியேறவில்லை, ஆண்டனர். காலனியம் என்று நூலோர் கூறுவதன் இரு வடிவங்கள் இவை.

இங்கே ஒரு கணக்கு உதைக்கும். முப்பது கோடி மக்கள் வாழ்ந்த நாட்டின் உச்சியில் அமர்ந்திருந்த ஐ.சி.எஸ். அதிகாரிகள் ஏறத்தாழ ஆயிரம் பேர்தாம். ஆயிரம் பேர் முப்பது கோடிப் பேரை எவ்வாறு ஆண்டனர்? துப்பாக்கி ஒன்றினால் மட்டும் ஆகக்கூடிய செயலன்று அது. படிகளால் ஆண்டனர்.

1835இல் மெக்காலே எழுதிய கல்விக் குறிப்பு, ஆள்வோருக்கும் ஆளப்படுவோருக்கும் இடையே நின்று பொருள் சொல்ல ஒரு வகுப்பாரை உருவாக்க வேண்டும் என்றது. எழுத்தர்களாகிய நமக்குக் குலமுதல்வர் அவ்வகுப்பாரே. 1886இல் அமைக்கப்பட்ட எயிட்சன் குழுவின் பரிந்துரை வழியே பேரரசுப் பணி, மாகாணப் பணி, கீழ்ப்பணி எனப் படிகள் வகுக்கப்பட்டன. ஐ.சி.எஸ். தேர்வோ 1922ஆம் ஆண்டுக்கு முன்பு வரை இலண்டனில் மட்டுமே நடந்தது. கடல் கடந்து சென்று எழுத வசதியுள்ளவர் எத்தனை பேர்? 1863இல் முதன்முதலாக ஓர் இந்தியர், சத்தியேந்திரநாத் தாகூர், அத்தேர்வில் வென்றபோது நாடே வியந்தது. படிகளின் அடியில் தண்ணீர் சுமந்தவரும் கோப்பு சுமந்தவரும் விசிறி இழுத்தவரும் நின்றனர். அவர்கள் பார்த்தது 'தாழ்ந்த பணி' என்றே அரசு ஏட்டில் எழுதப்பட்டிருந்தது.

கருத்தியல் என்று ஒரு சொல்லை மகளின் பாடநூலில் கண்டோம். அதற்கு நாம் அறிந்த விளக்கம் இதுதான்: ஒருவன் மேலே இருப்பதும் ஒருவன் கீழே இருப்பதும் மனிதர் செய்த ஏற்பாடு, அதனை இயற்கையின் ஏற்பாடு போலத் தோன்றச் செய்யும் எண்ணத் தொகுதியே கருத்தியல். இதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு போக வேண்டுவதில்லை. ரைசினாக் குன்றின் மேல் நிற்கும் வடக்குச் செயலகத்தின் வாயிலில் ஆங்கிலேயர் பொறித்துவைத்த வாசகம் ஒன்று உண்டு. சுதந்திரம் தானே இறங்கி மக்களிடம் வந்துவிடாது, மக்கள்தாம் தம்மை உயர்த்திக்கொண்டு அதனை எட்ட வேண்டும், உழைத்துத் தகுதி பெற்ற பின்னரே அதனைத் துய்க்கலாம் என்னும் கருத்துடையது அது. படித்தால் அறிவுரை போலத்தான் இருக்கும். பிறருடைய வீட்டைப் பூட்டி வைத்துக்கொண்டு, 'வீட்டில் குடியிருக்கும் தகுதியை முதலில் பெறுக' என்று வீட்டுக்காரனிடமே சொல்லும் அறிவுரை அது என்பதைச் சற்று நின்று நினைத்தால்தான் விளங்கும். 'தகுதி' என்னும் அச்சொல்லை அன்பர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். அது மீண்டும் வரும். நம் கையெழுத்திலேயே வரும்.

1911 டிசம்பரில் அறிவிக்கப்பட்டு 1931இல் திறந்துவைக்கப்பட்ட புது தில்லியே இக்கருத்தியலைக் கல்லிலும் சுண்ணாம்பிலும் எழுதிக் காட்டிய நகரந்தான். வைஸ்ராய் மாளிகைக்கு எவ்வளவு அருகில் வீடு, எவ்வளவு பரந்த தோட்டம் என்பதெல்லாம் பதவியைப் பொறுத்தவை. வெள்ளையரான எழுத்தருக்கு ஓரிடம், இந்திய எழுத்தருக்கு வேறிடம், பியூன்களுக்கு மற்றோரிடம். சென்னையிலும் கோட்டையைச் சுற்றி வெள்ளையர் நகரம், அதற்கு அப்பால் கறுப்பர் நகரம் என்று பெயரிட்டு வாழ்ந்தவர்களுக்கு இது புதிதன்று. அந்தக் கறுப்பர் நகரந்தான் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரசரின் பெயரால் ஜார்ஜ் டவுன் ஆயிற்று. பெயர் மாறியது, கோட்டைக்கும் அதற்கும் இருந்த இடைவெளி மாறவில்லை.

விடுதலைக்குப் பின் தலைநகரில் நாமே கட்டிய காலனிகளின் கதையும் எண்ணத்தக்கது. உயர் அதிகாரிகளின் குடியிருப்புகளுக்கு ஷான் நகர், மான் நகர் என்று பெயர் வைத்தனர். பெருமையும் மானமும் அவர்களுக்கு. எழுத்தர்கள் வாழ்ந்த இடம் வினய் நகர், பணிவு நமக்கு. கடைநிலை ஊழியர் வாழ்ந்த இடம் சேவா நகர், தொண்டு அவர்களுக்கு. எவர்க்கு எக்குணம் தேவை என்பதைத் தெருப்பலகையே சொல்லிவிட்டது! பின்னர் இப்பெயர்கள் பொருந்தா எனக் கண்டு மாற்றினர். வினய் நகரின் ஒரு பகுதி சரோஜினி நகராயிற்று. சேவா நகர் கஸ்தூர்பா நகராயிற்று. இந்தியாவின் செல்வம் ஆண்டுதோறும் சம்பளமாகவும் ஓய்வூதியமாகவும் இங்கிலாந்துக்கு வடிந்தோடிய கணக்கை எழுதி, 1901இல் நூலாகவே வெளியிட்ட தாதாபாய் நவுரோஜியின் பெயரும் ஓர் எழுத்தர் காலனிக்கு வாய்த்தது. காலனியத்தின் கணக்கைத் தணிக்கை செய்தவரின் பெயரில் ஒரு காலனி! அங்கிருந்த வீடுகள் பின்னர் இடிக்கப்பட்டு, அவ்விடத்தில் வணிக வளாகம் எழுந்தது.

நம் குடியிருப்பு இரண்டாம் வகையைச் சேர்ந்தது. அரசு வீடுகள் ஊதியத்திற்கேற்ப ஒன்று முதல் எட்டு வரை வகைப்படுத்தப்பட்டுள்ளன என்பது இம்மலரைப் படிக்கும் அன்பர்களுக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டுவதில்லை. "அந்தப் பையன் டைப் ஃபோர்" என்று குழந்தைகள் ஒருவரையொருவர் சுட்டிக் காட்டுவதையும் கேட்டிருக்கிறோம். நான்காம் வகைப் பூங்காவிலிருந்து நம் மகள் ஒருநாள் அழுதுகொண்டே திரும்பியபோது நம் நெஞ்சு கொதித்தது. சமத்துவத்தைப் பற்றி அன்று துணைவியாரிடம் நாம் ஆற்றிய சொற்பொழிவு, ஆண்டு விழா மேடைக்கே தகும். ஆயினும் அதற்குச் சில ஆண்டுகள் முன்னர் நாம் செய்த காரியமொன்று அப்போது நமக்கு நினைவுக்கு வரவில்லை.

அதனை இங்கே சொல்லத்தான் வேண்டும்.

1946இல் நீதிபதி சீனிவாச வரதாச்சாரியார் தலைமையில் அமைந்தது முதல் ஊதியக் குழு. 'தாழ்ந்த பணி' என்னும் பெயர் அதன் பரிந்துரையால் ஒழிந்தது. அது நான்காம் வகுப்பு என்றாயிற்று. மூன்றாம் ஊதியக் குழுவுக்குப் பின் அது 'டி' பிரிவு என்றாயிற்று. ஆறாம் ஊதியக் குழு 2008இல் இன்னும் ஒரு படி மேலே சென்றது. 'டி' பிரிவையே எடுத்துவிட்டு, அதிலிருந்தவர்களைப் பயிற்சியளித்து நம்முடைய 'சி' பிரிவில் சேர்க்கச் சொன்னது. அவர்களுக்கு நிலை ஊதியம் 1,800 ரூபாய். அப்போது நாம் கீழ்நிலை எழுத்தர். நமக்கு 1,900 ரூபாய்.

நூறு ரூபாய்! நம் அறையில் எழுந்த கொந்தளிப்பைச் சொல்லி மாளாது. தேர்வெழுதி, தட்டச்சுத் தேறி, பட்டம் பெற்று வந்த நமக்கும், தேநீர் கொண்டுவருபவருக்கும் வேறுபாடு நூறு ரூபாய்தானா? எழுத்தர்கள் கூடினர். விண்ணப்பம் ஒன்று அனுப்புவதென முடிவாயிற்று. ஆங்கிலம் நன்றாக எழுதுபவர் என்று பெயரெடுத்திருந்ததால் வரைவு எழுதும் பொறுப்பு நம்மிடம் வந்தது. மகிழ்ச்சியோடு ஏற்றோம். 'தகுதிக்கும் பொறுப்புக்கும் உரிய இடைவெளி பேணப்பட வேண்டும்' என்று எழுதினோம். மற்றவர்களும் கையொப்பமிட்டனர் என்றாலும், எழுதிய கை நம்முடையது. இக்கட்டுரையில் 'நாம்' என்று எழுதுவது மலர்களின் மரபு. அம்மரபின் பின்னால் இந்த ஓரிடத்தில் மறைந்துகொள்ள மனம் ஒப்பவில்லை.

இவ்வளவும் பேசப்பட்டது, எழுதப்பட்டது, அந்த அறையின் வாயிலில் முக்காலியில் அமர்ந்திருந்த பியூனின் காதுபடவே. கடுவால் மலைப்பகுதியிலிருந்து வந்தவர் அவர். நம்மினும் இருபது வயது மூத்தவர். தில்லிக்கு வந்த முதற் குளிர்காலத்தில் நாம் சுரம் கண்டு கிடந்தபோது, தம் வீட்டிலிருந்து கஞ்சி கொண்டுவந்து தந்தவரும் அவரே. அவர் முன்னிலையில் அவரைப் பற்றியே பேசினோம். அவர் அங்கே இருக்கிறார் என்னும் எண்ணமே எவருக்கும் தோன்றவில்லை. நாற்காலியையும் அலமாரியையும் வைத்துக்கொண்டு நாம் எதைத்தான் பேசுவதில்லை!

விண்ணப்பத்தை உறையிலிட்டு, தபால் பிரிவில் சேர்க்கும்படி அவரிடமே கொடுத்தோம். கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு வந்தார். மாலையில் தேநீரை மேசைமேல் வைத்துவிட்டு, இந்தியில் மெல்லக் கேட்டார்:

"பாபுஜி, நூறு ரூபாய் தூரம் போதாதா?"

குரலில் சினமில்லை. விடையை எதிர்பார்த்தும் அவர் நிற்கவில்லை. அடுத்த மேசைக்குத் தேநீர் வைக்கப் போய்விட்டார். மூன்று ஆண்டுகள் கழித்து அவர் ஓய்வு பெற்றுத் தம் மலையூருக்குத் திரும்பும்வரை ஒவ்வொரு நாளும் அவரைப் பார்த்தோம். மன்னிப்பு என்னும் சொல் நாவின் நுனிவரை வந்து வந்து திரும்பியது. அவருக்கு அளித்த பிரிவுபசார விழாவில் வாழ்த்துரை படித்ததும் நாம்தான்.

அண்ணல் அம்பேத்கர் 1936இல் எழுதி வெளியிட்ட 'சாதி ஒழிப்பு' என்னும் உரையை நாம் முழுமையாகப் படித்தது அதற்குப் பிறகே. லாகூர் மாநாடு ஒன்றில் ஆற்றுவதற்காக எழுதப்பட்டு, அழைத்தவர்களே அஞ்சிப் பின்வாங்கியதால் ஆற்றப்படாமற் போன உரை அது. சாதி அமைப்பில் மேலோர், கீழோர் என்று இரண்டே கூறுகள் இருந்திருந்தால், கீழே உள்ளவர் அனைவரும் ஒன்றுகூடி என்றோ அதனைக் கவிழ்த்திருப்பர். ஆனால் அது ஏணி. ஒவ்வொரு படியில் நிற்பவனுக்கும் மேலே ஒருவன் இருப்பது வருத்தம். கீழே ஒருவன் இருப்பது ஆறுதல். அந்த ஆறுதலை இழக்க மனமில்லாமலே வருத்தத்தையும் பொறுத்துக்கொள்கிறான். படிநிலைச் சமமின்மை என்று அம்பேத்கர் பெயரிட்டது இதனையே. ஆயிரம் ஆங்கிலேயர் முப்பது கோடிப் பேரை ஆண்ட கணக்கும் இங்கே நேராகிறது. இங்கே முன்னரே ஓர் ஏணி இருந்தது. வந்தவர் அதன் உச்சியில் தமக்கு ஒரு படியைச் சேர்த்து ஏறிக்கொண்டனர்; பல இடங்களில் அதனைச் சட்டமாகவும் ஏடாகவும் எழுதி இறுக்கினர். அவர்கள் இறங்கிப் போனபின்னும் ஏணியை நாம் கீழே சாய்க்கவில்லை.

முற்றும் இருள் என்று சொல்வதும் நேர்மையன்று. 1947இல் முதல் ஊதியக் குழு பரிந்துரைத்த குறைந்த அளவு ஊதியம் பஞ்சப்படியோடு 55 ரூபாய். உச்ச அளவு 2,000 ரூபாய். ஏறத்தாழ முப்பத்தாறு மடங்கு. 2016 முதல் செயற்பட்ட ஏழாம் ஊதியக் குழுவின்படி அவை 18,000 ரூபாயும் 2,50,000 ரூபாயும் ஆயின. பதினான்கு மடங்குக்கும் சற்றுக் குறைவு. ஆகவே இடைவெளி என்பது குறையக் கூடியதுதான். ஏட்டில் குறைந்துவிட்ட இடைவெளியை மனத்தில் நீட்டிக்கொள்ள நாம் விண்ணப்பம் எழுதுகிறோம் என்பதே நம் துயரம்.

இவற்றில் பெரும்பகுதியை மகளிடம் சொன்னோம். நூறு ரூபாய்க் கதையையும் சொன்னோம். பேசாமல் கேட்டிருந்தாள். பிறகு, "தில்லிக் காலனி சரி அப்பா. ஊர்க் காலனி?" என்றாள்.

மன்னார்குடிக்குத் தெற்கே ஒரு சிற்றூர் நம்முடையது. ஊர் ஒருபுறம். வாய்க்கால். அதன்மேல் ஒரு மதகு. மதகைத் தாண்டி, முன்னாளில் சேரி என்றும், அரசு ஓட்டு வீடுகள் கட்டித் தந்தபின் காலனி என்றும் வழங்கப்பட்ட குடியிருப்பு. அங்கே வாழ்ந்தோரைக் குறித்த பெயரும் மாறியதுண்டு. பஞ்சமர் என்பது 1922இல் அரசாணையால் ஆதி திராவிடர் என்றாயிற்று. அங்கிருந்து நம் வயலில் வேலை செய்ய வந்தனர். நம் நெல்லை அறுத்து நம் களத்தில் சேர்த்தனர். நாம் அங்கே போனதில்லை. கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டனர். நாம் பிறப்பதற்கு முன் நிகழ்ந்தது அது. அதே தஞ்சை மண்ணில் வளர்ந்தும், அதைப் பற்றி நம் தெருவில் எவரும் பேசக் கேட்டதில்லை. கல்லூரிக்குச் சென்ற பின்னரே நூலகத்தில் படித்தறிந்தோம்.

காலனியிலிருந்து வந்த மாணவர் ஒருவர் உயர்நிலைப் பள்ளியில் நம்மோடு ஒரே வாங்கில் அமர்ந்து படித்தார். கணக்கில் நம்மைவிடக் கெட்டிக்காரர். பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு முன், நமக்கு விளங்காத வடிவியல் கணக்குகளைச் சொல்லித்தர ஒருநாள் நம் வீட்டுக்கு வந்தார். கொல்லைப்புறக் கிணற்றடியில் அமர்ந்து படித்தோம். வெயிலுக்கு அம்மா மோர் கொண்டுவந்தார். நமக்குத் தம்ளரில் தந்தார். அவரைக் கையேந்தச் சொல்லி, உயரத்திலிருந்து ஊற்றினார். அவர் குடித்தார். நாமும் குடித்தோம். எஞ்சிய இரண்டு கணக்குகளையும் பொறுமையாகச் சொல்லித் தந்துவிட்டுப் போனார். அதன்பின் அவர் நம் வீட்டுக்கு வந்ததில்லை. அந்தத் தேர்வில் கணக்கில் நாம் பெற்ற மதிப்பெண்ணில் பாதி அவருடையது. அவருக்கு மேலே படிக்க வசதியில்லை. திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போனார். நாம் கல்லூரிக்குச் சென்றோம்.

2025 கோடை விடுமுறையில் ஊருக்குப் போனோம். மூன்றாம் நாள் மாலை மகளை அழைத்துக்கொண்டு வாய்க்காலை நோக்கி நடந்தோம். மதகில் கால் வைக்கும்போது நெஞ்சு படபடத்ததை மறைப்பானேன்? நாற்பத்தைந்து வயதில், பிறந்த ஊரில், பட்டப் பகலில், ஒரு மதகைத் தாண்டுவதற்கு அச்சம்! மதகிலிருந்து முதல் வீடு நூற்றிருபது அடிவைப்புத் தொலைவு. மகள் எண்ணிச் சொன்னாள்.

நண்பர் வீட்டில் இருந்தார். திருப்பூரிலிருந்து திரும்பி வந்து, குத்தகைக்கு நிலம் பிடித்துப் பயிர் செய்கிறார். முதலில் அடையாளம் தெரியாமல் விழித்தவர், பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டார். அவர் மனைவியார் காப்பி கொண்டுவந்தார். மகள் வாங்கிக் குடித்தாள். நண்பர் நம்மையே சற்றுப் பார்த்திருந்துவிட்டுச் சொன்னார்:

"டெல்லிக்குப் போக ரெண்டு நாளுதான ஆவுது? இங்க வர்றதுக்கு ஒனக்கு முப்பது வருசம் ஆயிருக்கேப்பா!"

சொல்லிவிட்டுச் சிரித்தார். அச்சிரிப்பில் மன்னிப்பு இருந்ததா என்று நாம் அறியோம். இருந்ததென்று எண்ணிக்கொள்ளும் உரிமை நமக்கில்லை.

பேச்சு வாக்கில் காலனி என்னும் பெயரை நீக்கும் அறிவிப்பைப் பற்றிக் கேட்டோம். பெயர்ப்பலகை மாற்றத்தில் நமக்கு நம்பிக்கையில்லை என்றும், தில்லியில் எத்தனையோ பலகைகள் மாறக் கண்டோம் என்றும் நம் படிப்பைக் காட்டினோம். நண்பர் மறுத்துத் தலையசைத்தார்.

"நீ அப்புடிச் சொல்லலாம். ஒன் வெலாசத்துல காலனின்னு இருந்தா கவர்மெண்டு உத்தியோகம்னு அர்த்தம். எம் புள்ள வெலாசத்துல அது இருந்தா, வேலைக்கு எழுதிப் போட்ட கடுதாசியப் பாத்தே ஆளு யாருன்னு கண்டுபுடிச்சிடுறான். அந்தச் சொல்லு போனா, கடுதாசியாச்சும் உள்ள போவும்ல?"

நாம் வாயடைத்துப் போனோம். பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்பவன், பெயரால் அடிபடாதவன். பெயர் மாற்றம் போதாது என்பது உண்மை. ஆயினும் போதாது என்று சொல்லும் இடத்தில் நாம் இல்லை. சுமந்தவரே அதனைச் சொல்ல வேண்டும். ஒரே சொல் நம் முகவரியில் மதிப்பாகவும் அவர் மகனின் முகவரியில் முத்திரையாகவும் இருந்ததை, வரலாறு படித்த நமக்குக் கணக்குப் படித்தவர் அன்றும் சொல்லித்தர வேண்டியிருந்தது.

வீடு திரும்பினோம். வாயிற்படியில் அமர்ந்திருந்த அம்மா, எங்கே போயிருந்தீர்கள் என்று கேட்கவில்லை. சிற்றூரில் நாம் வருமுன்னரே செய்தி வந்துவிடும். பேத்தியைப் பார்த்து, "காப்பி குடிச்சியா?" என்றார். "குடிச்சேன் பாட்டி" என்றாள் அவள். நெடுநேரம் மௌனம். எண்பதை நெருங்கும் அம்மாவின் முகத்தை நிமிர்ந்து பார்க்க நமக்குத் துணிவில்லை. கடைசியில் அம்மா கேட்டார்: "சர்க்கரையா, வெல்லமா?"

"வெல்லம், பாட்டி. நல்லா இருந்துச்சு."

"உம்" என்றார் அம்மா. அவ்வளவுதான். அந்த 'உம்' ஒப்புதலா, சலிப்பா, தோல்வியா என்பதை இன்றளவும் ஆராய்ந்துகொண்டிருக்கிறோம். ஆனால் மறுநாள் மாலை மகள் தனியே மதகை நோக்கி நடந்தபோது, 'போகாதே' என்னும் குரல் திண்ணையிலிருந்து எழவில்லை.

அன்பர்களே! தலைநகரில் வாழும் நம்மில் பலர், 'மதராசி' என்னும் ஒரு சொல்லால் என்றேனும் காயப்பட்டவர்கள். வீடு கேட்டு நின்று, நம் உணவையும் மொழியையும் சாக்காகச் சொல்லி மறுக்கப்பட்டவர்கள். அக்காயத்தைப் பற்றிச் சங்கத்தில் கூடிப் பேசுகிறோம், பேசுவது நியாயமே. பேசி முடித்தபின் அரங்கின் பின்புறம் பந்தி நடக்கிறது. அங்கே இலை எடுப்பவருக்கு நாற்காலி உண்டா, அவர் எப்போது, எங்கே உண்கிறார் என்பதையும் அடுத்த ஆண்டு விழாவில் நாம் திரும்பிப் பார்க்கலாம். இம்மலரைக் கையில் ஏந்துவோரில் மதகுக்கு அப்பாலிருந்து வந்தவர்களும் உண்டு. அவர்களுக்கு நாம் அறிவுரை கூறுவதற்கில்லை. காலங்கடந்து வந்தோம் என்று ஒப்புக்கொள்ளத்தான் இதனை எழுதினோம்.

மற்ற அன்பர்களுக்கு ஒன்றே ஒன்று. இந்தக் கோடையிலும் குழந்தைகளோடு ஊருக்குப் போவீர்கள். கோவிலுக்கும் உறவினர் வீடுகளுக்கும் போவதோடு, ஒரு மாலை வாய்க்காலைத் தாண்டியும் நடந்துவிட்டு வாருங்கள். உடன் படித்தவர் ஒருவர் அங்கே இருப்பார். தொலைவு அதிகமில்லை. நம் ஊரில் அது நூற்றிருபது அடிவைப்பு.